குறைத்த கூலிக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்

காரியாபட்டிப் பக்கம் பட்டாசு ஆபீஸ் வேன் வராத நாளில் கூலியும் இல்லை. 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதையடுத்து சிவகாசி வட்டாரத்தில் ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. முதலாளிக்கும் நஷ்டம்தான், மறுக்கவில்லை. அதற்காக, "வாரத்துக்கு ரெண்டு நாள் குறைச்சுக்குவோம், ரேட்டையும் கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க" என்று போர்மேன் சொன்னதும் தலையாட்டிவிட வேண்டியதில்லை.

கூலியையும் வேலை நேரத்தையும் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றுவதென்றால் 21 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். 1947 தொழில் தகராறு சட்டத்தின் விதி இது; 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. ஆனால் பதிவேட்டில் பெயரே ஏறாத பெண்ணுக்கு எந்தச் சட்டம் துணை வரும்? முதலில் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

பிறகு, ஷெட்டில் இருப்பவர்கள் சேர்ந்தே போய்க் கேட்கலாம்: எத்தனை வாரத்துக்கு? பழைய ரேட் எப்போது திரும்பும்? பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொடருமா? அதுவரை முன்பணப் பிடித்தத்தை நிறுத்திவைப்பீர்களா? பதில் எழுத்தில் வேண்டும்.

பீஸ் ரேட்டைக் குறைப்பதுதான் நாளைக் குறைப்பதைவிட மோசம். விட்ட காசைப் பிடிக்க மருந்து செலுத்தும் கை வேகமெடுக்கும். அந்த வேகத்தில் உராய்வு தீப்பொறியாகிறது. அதனால் ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் ரசாயன இருப்போடு சம்பளப் பதிவேட்டையும் புரட்டிப் பார்க்கட்டும்.