கடையை விற்கலாம், சிம் கார்டை?

தூத்துக்குடி மக்ரூன், கருப்பட்டி, கருவாடு என்று வீட்டிலிருந்தே இணையதளத்தில் விற்பவர் ஒருநாள் அந்தக் கடையை விற்க நினைக்கலாம். வாங்குபவர், ‘வாட்ஸ்அப் நம்பரையும் சேர்த்துக் கொடுங்க’ என்பார். வாடிக்கையாளர்கள் எல்லாம் அதில்தானே!

ஆனால் வங்கிக் கணக்கு, ஆதார், ஜிபே எல்லாம் பெரும்பாலும் அதே நம்பரில்தான் இருக்கும். சிம் கைமாறினால் ஓடிபியும் கைமாறும். முதலில் அவற்றுக்கு வேறு நம்பரைப் பதிந்துவிட வேண்டும். பிறகு, வாங்குபவர் பெயருக்கு முறைப்படி மாற்ற முடிந்தால் மட்டுமே சிம்மைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், அந்த நம்பரில் நடக்கும் மோசடிக்கும் விற்றவரைத்தான் தேடி வருவார்கள்.

ஜிஎஸ்டி எண் பான் கார்டோடு பிணைந்தது. வாங்குபவர் தன் பெயரிலான எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும். இணையதள பாஸ்வேர்டு? பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக் கொடுக்கக் கூடாது. கணக்கில் பணம் ஏறிய பிறகே கொடுக்க வேண்டும்.