நாதஸ்வரத்தைப் போட்டுக் காட்டுங்க அண்ணாச்சி!

மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் கொஞ்சம் விலை கூடின ஸ்பீக்கர் விற்கும் கடைக்குள் போய் நின்றால், பத்துக்கு எட்டு தடவை காதில் விழுவது ஒரு கலிஃபோர்னியா ஓட்டல்தான். ஈகிள்ஸ் குழுவின் 1976ஆம் வருடத்துப் பாட்டு. ஆனால் கடையில் ஓடுவது அந்தப் பழைய ஒலிப்பதிவு இல்லை. 1994-ல் 'ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்' ஆல்பத்துக்காக மேடையில் வாசித்தது. அதில் கிதார் கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும், கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து ஒரு தாளம் 'தும்' என்று நெஞ்சில் இறங்கும், கூட்டம் கைதட்டும். "எப்படி இருக்கு தம்பி?" என்பார் கடைக்காரர். தம்பி என்ன சொல்வார்? தலையாட்டுவார். பில் புத்தகம் வெளியே வரும்.

தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று கேட்டால் அதற்கும் ஒரு மாறாத பட்டியல் உண்டு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), 'நத்திங் பட் விண்ட்' (1988), ரஹ்மானின் 'திருடா திருடா' (1993). எல்லாமே அருமையான இசை, அதில் சண்டை இல்லை. ஆனால் முப்பது நாற்பது வருடமாக இதே நாலைந்தைப் போட்டுத்தான் ஸ்பீக்கர் விற்க வேண்டுமா? இன்டர்நெட்டில் வீடியோ போடும் விமர்சகர்களும் இதே பட்டியலைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் பெரிய ஆள் என்றால் 'ஜாஸ் அட் த பான்ஷாப்' என்பார். 1976-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு கிளப்பில் பதிந்தது. தட்டு கரண்டிச் சத்தமெல்லாம் துல்லியமாகக் கேட்கும். கரண்டிச் சத்தம் கேட்பதற்கு லட்ச ரூபாய் செலவழிப்பானேன், எந்த மெஸ்ஸில் போய் உட்கார்ந்தாலும் கேட்குமே என்று யாரும் கேட்பதில்லை :-)

இதில் உள்ள கோளாறு பி.காம். இரண்டாம் வருடம் ஆடிட்டிங் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். தணிக்கை செய்யப் போகிறவர் எந்த வவுச்சரைப் பார்க்க வேண்டும் என்பதை அவரேதான் தீர்மானிக்க வேண்டும். கம்பெனிக்காரரே நல்லதாக நாலு வவுச்சரைப் பொறுக்கி எடுத்து, "இதை மட்டும் பாருங்க சார்" என்று நீட்டினால் அதற்குப் பெயர் தணிக்கையா? டெமோ பாட்டும் அதே கதைதான். இரண்டு மூன்று வாத்தியம், நடுநடுவே நிசப்தம், அடியில் ஒரு அதிர்வு. இதைச் சுமாரான பெட்டியில் போட்டாலும் தடுமாறாது. பெட்டியைச் சோதிக்க அல்ல, பெட்டிக்கு மேக்கப் போடத்தான் இந்தப் பாட்டுகள் தேர்வாகின்றன.

உண்மையிலேயே சோதிக்க வேண்டும் என்றால் வெளிநாட்டுக்கெல்லாம் போக வேண்டாம். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிவாஜிக்காக நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்த இசையைப் போடச் சொல்லுங்கள். நாதஸ்வரம் சீவாளி வைத்து ஊதுகிற கருவி. திறந்த வெளியில், கோயில் வீதியில், மைக் இல்லாமல் கேட்பதற்காக உண்டானது. மனிதக் காதுக்கு மிகக் கூர்மையாகக் கேட்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. நாதஸ்வரத்தின் வீச்சு போய் உட்காருவது அந்த இடத்தில்தான். அங்கே ஸ்பீக்கர் கொஞ்சம் கரகரத்தாலும் காது சுளிக்கும். பக்கத்தில் தவில் வேறு. ஒரு பக்கம் கம்பால் அடி, மறு பக்கம் கூடு போட்ட விரல் அடி. 'தும்' என்கிற ஒரே சத்தத்தை வைத்து இங்கே ஏமாற்ற முடியாது. கடைக்காரர் போட மாட்டார். "அது பழைய ரெகார்டிங் தம்பி, மோனோ" என்பார். வயிற்றெரிச்சல் ஆரம்பிப்பது இந்த வரியில்தான்.

ஏனென்றால் இதையே கேட்டுக் கேட்டு வளர்கிற பையன், நாலு மாதத்தில் அதே வரியைத் தானும் சொல்ல ஆரம்பிக்கிறான். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதில், 1926-ல் கொடுத்த முதல் இசைத்தட்டு அவனுக்கு "நாய்ஸ் அதிகம்". மதுரை சோமு ஏதோ ஒரு கோயில் கச்சேரியில் விடிய விடியப் பாடி, யாரோ ஒரு புண்ணியவான் கேசட்டில் பிடித்து வைத்தது அவனுக்கு "சவுண்ட் ஸ்டேஜ் இல்லை". இருபதாயிரம் ரூபாய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒருவன் கேட்கக்கூடிய பாட்டு நாற்பதாகச் சுருங்கிவிடுகிறது. இசைக்காக வாங்கின கருவி, அந்தக் கருவிக்குத் தோதான இசையை மட்டும் உள்ளே விடுகிறது. வாட்ச்மேனை வேலைக்கு வைத்தால் வீட்டுக்காரனையே வெளியே நிறுத்தினானாம், அந்தக் கதை.

உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ திருவிழாவுக்கு வேப்ப மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற ரேடியோ செட்காரருக்கு 'சவுண்ட் ஸ்டேஜ்' என்றால் என்னவென்று தெரியாது. பேஸ் கிடையாது, ஸ்டீரியோ கிடையாது. ஆனால் அந்தத் தகரக் குழாயில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாட்டின் ஒவ்வொரு இடையிசையும் மனப்பாடம். 1980-ல் வந்த 'கல்லுக்குள் ஈரம்' பாட்டு 2008-ல் 'சுப்ரமணியபுரம்' படத்தில் ஒலித்தபோது தியேட்டரில் விசில் பறந்தது டால்பிக்காக இல்லை. (குழாய் ஸ்பீக்கர்தான் உயர்ந்தது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. பரீட்சை நேரத்தில் அதைத் திட்டாத மாணவன் உண்டா?)

அடுத்து விமர்சகர்கள். ஒரு தணிக்கையாளர் தான் தணிக்கை செய்யும் கம்பெனியில் ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் தகுதி போச்சு. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 141. ஸ்பீக்கர் விமர்சகருக்கு? பெட்டியைக் கம்பெனி அனுப்புகிறது. வீடியோவுக்குக் கீழே இருக்கும் லிங்க்கில் போய் வாங்கினால் கமிஷன். நல்லா இல்லை என்று சொன்னால் அடுத்த பெட்டி வராது. இதற்கு நடுவில் "நேர்மையான விமர்சனம்" என்று தலைப்பு வேறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் விதிமுறை கொண்டு வந்துவிட்டது: கம்பெனிக்கும் பேசுபவருக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தவறான விளம்பரம் என்றால் 10 லட்சம் வரை, திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம். சட்டம் இருக்கிறது. வீடியோவில் அந்த அறிவிப்பு எங்கே, எவ்வளவு பொடி எழுத்தில் வருகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

வாட் கணக்கு இன்னும் பெரிய கூத்து. அமெரிக்காவில் 1974-லேயே ஆம்ப்ளிஃபையரின் சக்தியை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று அரசு விதி போட்டது, 2024-ல் அதைத் திருத்தி இறுக்கியது. நம்ம ஊரிலோ அட்டைப் பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் 'பி.எம்.பி.ஓ.' வாட் போட்டு விற்ற காலம் ஒன்று இருந்தது. உள்ளே 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். பெருக்கினால் 24 வாட். வரவு 24, செலவு ஆயிரம் என்று பேலன்ஸ் ஷீட் கொடுத்தால் எந்தப் பேராசிரியர் பாஸ் போடுவார்?

"காது பழகினவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்" என்பது இவர்களின் பிரம்மாஸ்திரம். அதையும் சோதித்துப் பார்த்தாயிற்று. மேயர், மோரான் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் நடத்திய சோதனை 2007-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் வந்தது. சாதாரண சி.டி. தரத்தையும் அதைவிட உயர்ந்த தரத்தையும் எது எதுவென்று சொல்லாமல் போட்டார்கள். 554 தடவையில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிவிட்டாலும் இதேதான் வரும். 2022-ல் இன்னொரு கூத்து. மொபைல் ஃபிடிலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் விலை உயர்ந்த இசைத்தட்டுகளை, முழுக்க அனலாக் முறை, டிஜிட்டல் வாடையே இல்லை என்று நம்பிக் கொண்டாடினார்கள். 2011 முதலே பல தட்டுகள் தயாராகும்போது நடுவில் டிஜிட்டல் இருந்தது என்று வெளியே வந்தது. பதினோரு வருடம்! டிஜிட்டல் என்றால் நூறடி தூரத்திலேயே மோப்பம் பிடிப்போம் என்றவர்களில் ஒருவர் காதும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஒரு கடைக்காரர் கிளப்பிவிட்டுத்தான் தெரிந்தது. கடைசியில் வழக்கு, சுமார் 2.5 கோடி டாலருக்குச் சமரசம்.

அதற்காக எல்லா ஸ்பீக்கரும் ஒன்றுதான் என்று சொன்னால் அதுவும் பொய். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் நிஜமாகவே மாறும், அறைக்கு அறை இன்னும் அதிகமாக மாறும். நல்ல பெட்டியில் ராஜாவின் வயலின் வரிசைகளை முதல் முறை தனித்தனியாகக் கேட்டவன் அன்றைக்குத் தூங்க மாட்டான். அந்த ஆசையில் பிழை இல்லை. கேபிளுக்கும், அந்தக் கேபிளில் மின்சாரம் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று போட்ட அம்புக்குறிக்கும் அவன் பகுதி நேர வேலையில் சேர்த்த காசைக் கட்டச் சொல்வதுதான் அயோக்கியத்தனம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சித்திரை மாதம், மதுரை, மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை. அங்கே ஹை-ஃபை செட் ஓடுகிறது. கூடவே ஐந்தில் வைத்த சீலிங் ஃபேன் ஓடுகிறது. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்கிறது 2000-த்தின் ஒலி மாசு விதி. தெருவில் போகும் ஷேர் ஆட்டோவுக்கு அது தெரியாது. 16 பிட் சி.டி.யிலேயே மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் நடுவில் 96 டெசிபல் இடைவெளி உண்டு. அதில் கீழ்ப் பாதியை ஃபேன் தின்றுவிடும். இந்த அறைக்கு 24 பிட், தங்க முலாம் பூசின பிளக் என்று இஎம்ஐ கட்டுகிறவர், நுணுக்கம் கேட்க ஃபேனை நிறுத்துவாரா? நிறுத்தினால் பத்து நிமிடம் தாங்குவாரா?

அடுத்த முறை கடைக்குப் போகிறவர்கள் ஒரு பென் டிரைவில் சேதுராமன் பொன்னுசாமி வாசிப்பை ஏற்றிக்கொண்டு போங்கள். "இதைப் போடுங்க அண்ணாச்சி, வால்யூமைக் குறைக்காம" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்க்காதீர்கள். கடைக்காரரின் வலது கை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.