கூட்டிப் பெருக்க மட்டுமா பெண்பிள்ளைகளின் முகாம்?

காலாண்டுத் தேர்வு விடுமுறை வந்துவிட்டால் மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரு படம் தவறாமல் வரும். பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகள் ஏதோ ஓர் ஊரில் கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருப்பார்கள். தலையில் தொப்பி, கையில் விளக்குமாறு, பின்னால் பேனர், நடுவில் சிறப்பு விருந்தினர். வெயிலில் நிற்கும் அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் தருமபுரி மாவட்டத்து அரசுப் பெண்கள் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியையாகவும் திட்ட அலுவலராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண்பிள்ளைகளின் ஊர்ப்பணி விளக்குமாற்றோடு முடிந்துவிடக் கூடாது. ஊரில் எது குறை என்று கண்டறிவதும், அதை அளப்பதும், ஊரார் முன் எடுத்துச் சொல்வதும் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் மாணவிகளில் பெரும்பாலோர் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகள். விடியும் முன் எழுந்து வாசல் பெருக்கி, சாணம் தெளித்து, தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவி, தம்பி தங்கைகளைக் கிளப்பிவிட்டு, அதன்பிறகு பேருந்து பிடித்துப் பள்ளிக்கு வருபவர்கள். ஏழு நாள் முகாமுக்கு அழைத்துப் போய் மறுபடியும் அதே வேலையைக் கொடுத்தால் அவர்கள் புதிதாக என்ன கற்பார்கள்? ஆண்கள் பள்ளி முகாம்களில் சமையலுக்கு ஆள் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பெண்கள் முகாம் என்றால், “பொம்பளப் பிள்ளைங்கதானே டீச்சர், அவங்களே பார்த்துக்குவாங்க” என்று சொல்லிவிடுவார்கள். துடைப்பத்தைத் தொடாமல் வளர்ந்த பையன்களுக்குக் கூட்டிப் பெருக்குவது உண்மையிலேயே நல்ல பாடம். அந்தப் பாடத்தை அவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். பெண்பிள்ளைகளுக்கு வேறு பாடம் தேவைப்படுகிறது.

அது எப்படிப்பட்ட பாடம் என்று எங்கள் முகாம் ஒன்றைக் கொண்டே சொல்கிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறை நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதிலிருந்து குடித்தால், முளைக்கும் பற்களிலேயே பழுப்புக் கறை ஏறிவிடும். எந்தப் பற்பொடி தேய்த்தாலும் அது போகாது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது இந்தக் கேட்டைப் போக்கத்தான். காவிரித் தண்ணீர் ஊர் ஊராக வந்தது. அதன்பிறகும் சில ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் கறை தெரிந்ததே, அது ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்டது நான் அல்ல, பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவள் பல்லிலும் கறை உண்டு. சிரிக்கும்போதெல்லாம் கை தானாக வாயை மறைக்கப் போகும். அந்த முறை முகாமுக்கு முன்பே மாணவிகளை உட்கார வைத்து, “இந்த ஊரில் எதைச் செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தேன். மரம் நடலாம், பேரணி போகலாம் என்று வழக்கமான பதில்கள் வந்தபிறகு, அவள்தான் எழுந்து, “தண்ணியைப் பார்க்கலாம் மிஸ்” என்றாள்.

ஊராட்சியில் கேட்டுத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி ஒன்றை வாங்கினோம். மாதிரி நீரில் சில சொட்டு வேதிக் கரைசல் விட்டால், ஃபுளோரைடு குறைவாக இருக்கும்போது இளஞ்சிவப்பு நிறம் நிற்கும். கூடக்கூட மஞ்சளுக்கு மாறும். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தில் படித்துக் கடந்துபோகிற வேதியியல், தெருவில் நடந்தது. மாணவிகள் ஆறு பேர் கொண்ட அணிகளாகப் பிரிந்தார்கள். ஓர் அணி தெருக்களையும் குழாய்களையும் அடிபம்புகளையும் வரைபடமாக்கியது. ஓர் அணி தண்ணீரைச் சோதித்தது. மற்றவர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள்.

பதில் கிடைத்தது ஆய்வுக் குப்பியில் அல்ல, அடுப்பங்கரையில். ஒரு பாட்டி சொன்னார்: “குடிக்க ஒகேனக்கல் தண்ணிதான் கண்ணு. களி கிளற, சோறு பொங்க எல்லாம் போர் தண்ணி.” ஏன் என்று பிள்ளைகள் தோண்டிக் கேட்டார்கள். ஒகேனக்கல் தண்ணீர் திறந்து விடுகிற நேரத்தில் பெண்கள் களத்து வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்விடுகிறார்கள். வீட்டில் இருக்கும் கிழவிகள் பிடித்து வைக்கிற இரண்டு குடம், குடிக்க மட்டுமே போதும். சமையலுக்கு அடிபம்பு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கெடுதல் போய்விடும் என்ற நம்பிக்கை வேறு. கொதித்தால் கிருமிதான் சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகச் சுண்டச்சுண்ட அதன் அடர்வு கூடவே செய்யும்.

பதிவேட்டில் அந்த ஊருக்குக் குழாய் இருந்தது, தொட்டி இருந்தது, தண்ணீர் வந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கணக்கெடுக்க வருகிற அரசு ஊழியர் வாசலில் நின்று கேட்டு எழுதிக்கொண்டு போவார். பதினாறு வயதுப் பெண்ணை, “உள்ளே வா கண்ணு” என்று அடுப்புவரை கூட்டிப் போவார்கள். தண்ணீர், சோறு, கழிப்பறை, மாதவிடாய், படிப்பை நிறுத்திய அக்கா, அவசரமாகப் பேசப்படும் கல்யாணம் என்று ஓர் ஊரின் நலம் முழுவதும் பேசப்படுவது அங்கேதான். பெண்பிள்ளைகளின் குழுவுக்கு இருக்கிற தனிப் பலம் இது. இந்தப் பலத்தை வைத்துக்கொண்டு அவர்களைக் கோயில் வளாகத்தில் குப்பை பொறுக்க மட்டும் அனுப்புவது, ஊருக்குத்தான் நட்டம்.

முகாம் முடிந்ததும் பிள்ளைகள் தங்கள் கையெழுத்திலேயே அறிக்கை எழுதினார்கள். அவர்களுக்கு வாக்குரிமை வரவில்லை. கிராம சபையில் உறுப்பினர்கள் அல்லர். அதனால் ஜனவரி 26 கிராம சபையில் அந்த ஊர்த் தாய்மார்களே எழுந்து மனுவைக் கொடுத்தார்கள். தண்ணீர் திறக்கும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்ற வேண்டும், மஞ்சள் நிறம் காட்டிய அடிபம்புகளுக்குச் சிவப்புச் சாயம் அடிக்க வேண்டும் என்ற இரண்டே கோரிக்கைகள். இரண்டும் நடந்தன. நேரத்தை மாற்ற ஊராட்சிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இப்படி யோசிக்க வைப்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பேடன் பவல் நடத்திய சாரணர் பேரணிக்கு, அழைக்காமலே சில சிறுமிகள் சீருடை போட்டுக்கொண்டு வந்து, நாங்களும் சாரணர்தான் என்று நின்றார்கள். அடுத்த ஆண்டே சாரணியர் இயக்கம் பிறந்தது. 1911-ல் ஜபல்பூர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அந்த இயக்கத்தின் அடிப்படையே ஆறேழு பேர் கொண்ட சிறு அணிதான். அணித்தலைவி அவர்களில் ஒருத்தியாகவே இருப்பாள். அணித்தலைவிகள் கூடி முடிவெடுப்பார்கள், ஆசிரியை துணை நிற்பார். வரைபடம் படிப்பதும் முதலுதவியும் முடிச்சுப் போடுவதும் அந்தப் பெண்களுக்கான முதல் பாடங்கள். நூறு ஆண்டுக்கு முன்பே சிறுமிகள் கையில் வரைபடத்தைக் கொடுத்த இயக்கத்தின் பிள்ளைகளை, இன்று விழா வாசலில் பன்னீர் தெளிக்கவும் தாம்பாளம் ஏந்தவும் நிறுத்துகிறோம்.

நம் மண்ணிலேயே அதைவிடப் பெரிய சான்று உண்டு. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்குவாரித் தொழிலாளர்களுக்கும் வயற்காட்டுப் பெண்களுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஏராளமானோர் இளம்பெண்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஊக்கம் தந்தார். அந்த மாவட்டத்துப் பெண்கள் அதன்பிறகு யாருக்கும் காத்திராமல் சந்தைக்கும் வேலைக்கும் போனார்கள். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலும் மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களே. பொறுப்பைக் கொடுத்த இடத்தில் எல்லாம் நம் பெண்கள் அதைச் சுமந்து காட்டியிருக்கிறார்கள்.

பெற்றோரின் தயக்கங்களை நான் அறிவேன். மேல்நிலை வகுப்பில் ஒரு வாரம் போனால் மதிப்பெண் போய்விடும் என்பது முதல் கவலை. ஒரு வாரத் தண்ணீர்ப் பரிசோதனையில் என் மாணவிகள் கற்ற வேதியியலை ஒரு மாத வகுப்பில் என்னால் கற்பித்திருக்க முடியாது. அடுத்த கவலை பாதுகாப்பு. வயதுக்கு வந்த பெண்ணை வெளியூரில் இரவு தங்க வைக்க எந்தத் தாய்க்கும் பயம் இருக்கும். அது நியாயமான பயம். அதற்காக, பகலில் மட்டும் வந்து போகச் சொல்லி முகாமையே பாதியாக வெட்டிவிடுவது தீர்வு ஆகாது. தாழ்ப்பாள் போடும் கழிப்பறை, விளக்கெரியும் வளாகம், உடன் தங்கும் ஆசிரியைகள், தாய்மார்களில் இருவர் துணை, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே தகவல். இவை இருந்தால் பெற்றோர் அனுப்புவார்கள், எங்களுக்கு அனுப்பினார்கள்.

காந்தியடிகளே துடைப்பம் எடுத்தாரே, அதில் என்ன தாழ்வு என்று கேட்பவர்கள் உண்டு. தாழ்வே இல்லை. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டதுதான் இந்த நாட்டு நலப்பணித் திட்டம். துடைப்பம் எடுத்த அதே காந்தி, சம்பாரணில் அவுரி விவசாயிகளின் வாக்குமூலங்களை ஆயிரக்கணக்கில் பதிவு செய்யவும் வைத்தார். அவர் பணியில் துப்புரவும் விசாரணையும் கைகோத்தே நடந்தன. நாம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட்டோம்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-ல் சட்டம் வந்தது. அந்த நாற்காலியில் உட்காரப்போகும் பெண்கள் பேசக் கற்றுக்கொள்வது எங்கே? கணவரோ அண்ணனோ பக்கத்தில் நின்று பதில் சொல்லாமல், தன் ஊர்த் தண்ணீரைப் பற்றித் தானே அளந்து தானே பேசும் ஊராட்சித் தலைவியை, பதினாறு வயதில்தான் உருவாக்க முடியும்.

ஆகவே கல்வித் துறைக்கும், தலைமையாசிரியர்களுக்கும், ஊராட்சிகளுக்கும் என் கோரிக்கைகள் இவை. முகாம் ஊரில் என்ன பணி என்பதை ஒரு மாதம் முன்பே மாணவிகளைக் கூட்டிப் பேசி, அவர்களே தேர்ந்தெடுக்க விடுங்கள். கூட்டிப் பெருக்கும் வேலைக்கு ஒரு காலைப் பொழுது போதும். மீதி நாட்களைக் கணக்கெடுக்கவும் சோதிக்கவும் கற்பிக்கவும் ஒதுக்குங்கள். முகாம் மாணவிகளை விருந்தினர் வரவேற்புக்கு நிறுத்துவதை அடியோடு கைவிடுங்கள். தங்குமிடத்தில் கழிப்பறையும் விளக்கும் சரியாக இருக்கிறதா என்று முகாமுக்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள். மாணவிகளின் அறிக்கை பள்ளிக் கோப்பில் தூங்கக் கூடாது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. முகாமை அடுத்து வரும் கிராம சபையில் அந்த அறிக்கையைப் படிக்க வையுங்கள், அதற்கடுத்த சபையில் ஊராட்சி என்ன செய்தது என்று பதில் சொல்லட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகள் பள்ளி முகாமுக்குப் போக அனுமதி கேட்டு வந்தால், கையெழுத்துப் போடும் முன் ஆசிரியையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அங்கே என் மகள் எதை முடிவு செய்யப் போகிறாள்?” ஆசிரியையிடம் பதில் இருந்தால் நம்பி அனுப்புங்கள். இல்லையென்றால், பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.