ருஷ்ய உணவு என்று எதைச் சொல்கிறோம்?

சோவியத் புத்தகங்களை வாசித்து வளர்ந்த தமிழ் வாசகர்களில் நானும் ஒருவன். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைத்த அந்நூல்களின் வழியே, பார்த்தேயிராத ஒரு தேசத்தின் சமையலறை எங்களுக்குள் புகுந்துவிட்டிருந்தது. சமோவார், கறுப்பு ரொட்டி, முட்டைக்கோஸ் சூப், போர்ஷ், குதிரைப்பாலைப் புளிக்கவைத்த குமிஸ். இவை அனைத்தையும் ‘ருஷ்ய உணவு’ என்று ஒரே தட்டில் வைத்தோம். ஐத்மாத்தவ் கிர்கீஸியர், கம்சாதவ் அவார் மொழிக் கவிஞர், கோகல் உக்ரேனில் பிறந்தவர் என்பதெல்லாம் முன்னுரைகளில் இருந்திருக்கும். முன்னுரைகளை யார் படித்தார்கள்!

ருஷ்யப் பண்பாட்டை உணவின் வழியாக அறியப் புகுகிறவர், அந்தத் தட்டில் உள்ள ஒவ்வொன்றையும் அதன் சொந்தப் பெயர் சொல்லிப் பிரித்து வைப்பதிலிருந்து தொடங்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. இதை ஏதோ உணவு ஆராய்ச்சியாளரின் பிடிவாதம் என்று நண்பர்கள் எண்ணக்கூடும். 2022 ஜூலையில் யுனெஸ்கோ, உக்ரேனிய போர்ஷ் சமைக்கும் பண்பாட்டை உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஒரு பீட்ரூட் சூப்புக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டதற்குக் காரணம் அதைச் சமைக்கிற ஊர்களின் மீது குண்டு விழுந்துகொண்டிருந்ததுதான்.

இந்தப் பாகுபாட்டை முதலில் கற்றுத்தந்தவர் கோகலே. 1831-32இல் வெளியான ‘திக்கான்கா அருகேயுள்ள பண்ணையில் மாலைப்பொழுதுகள்’ கதைகளை அவர் ருஷ்ய மொழியில்தான் எழுதினார். ஆனால் நூலோடு ஒரு சொற்பட்டியலையும் இணைத்தார். உக்ரேனியச் சொற்களுக்கு ருஷ்ய வாசகர்களுக்காகப் பொருள் சொல்லும் பட்டியல் அது. ‘கலுஷ்கி’ என்ற மாவுருண்டைக்கு விளக்கம் இருக்கிறது. ‘புரியாக்’ என்றால் பீட்ரூட் என்றும் இருக்கிறது. போர்ஷின் சிவப்பே அந்தக் கிழங்கிலிருந்து வருவது. அதன் பெயரையே பீட்டர்ஸ்பர்க் வாசகருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது! இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அருகருகே இரண்டு அடுப்புகள் இருந்தன என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை. நாம் கோகலின் பேய்க்கதைகளை ரசித்தோம், சொற்பட்டியலைக் கடந்துவிட்டோம்.

அப்படியானால் ருஷ்யர்களுடையது என்று எது மிஞ்சும்? நிறையவே மிஞ்சும். ‘ஷ்சீ’ என்கிற முட்டைக்கோஸ் சூப், ‘காஷா’ என்கிற தானியக் கஞ்சி, ரை மாவில் செய்த புளிப்பான கறுப்பு ரொட்டி, அதே ரொட்டியை ஊறவைத்துப் புளிக்கச்செய்த ‘க்வாஸ்’. ஷ்சீயும் காஷாவுமே எங்கள் உணவு என்று அவர்களிடம் எதுகையோடு ஒரு பழமொழி உண்டு. குறுகிய கோடை, நீண்ட பனி, புளிக்கவைத்தால்தான் வசந்தம்வரை காய்கறி என்ற நிலை. அந்த மண் சொல்லிக்கொடுத்த சமையல் இது. பழைய சோற்றின் புளிப்பை அறிந்த நமக்கு இது அந்நியமாக இருக்க நியாயமில்லை.

ருஷ்ய மொழிக்குள்ளும் இந்தக் கஞ்சி கொதித்துக்கொண்டே இருக்கிறது. ஒத்துவராத மனிதரைப் பற்றி ‘அவரோடு சேர்ந்து காஷா சமைக்க முடியாது’ என்பார்கள். அனுபவம் போதாத இளைஞனை ‘காஷா சாப்பிட்டது போதாது’ என்று கேலி செய்வார்கள். விருந்தோம்பும் குணத்தைக் குறிக்கும் ‘ஹ்லெபசோல்ஸ்த்வோ’ ரொட்டி, உப்பு என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து உண்டானது. ‘உப்பிட்டவரை’ என்று தொடங்கும் நம் பழமொழியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவு வளம் சொந்தமாக இருக்கும்போது அண்டை வீட்டாரின் உணவுகளும் ‘ருஷ்ய’ உணவானது எப்படி? பேரரசு விரிந்தபோது சிலது வந்தது. யூரல் பகுதியிலிருந்து வந்த பெல்மேனி கொழுக்கட்டையின் பெயர், கோமி, உத்மூர்த் மொழிகளில் ‘காது ரொட்டி’ என்று பொருள்படும். தல்ஸ்தோய் உடல்நலம் வேண்டி பஷ்கீரியர்களின் புல்வெளிக்குச் சென்று குமிஸ் குடித்தார். செகாவ் 1901இல் திருமணமான கையோடு அதே வைத்தியத்துக்குப் போனார். இவையெல்லாம் இயல்பான கொள்வினை என்று விட்டுவிடலாம்.

1939இல் வெளியான ‘சுவையும் ஆரோக்கியமும் மிக்க உணவு நூல்’ விஷயம் வேறு. உணவுத் தொழில்துறைக்குப் பொறுப்பாக இருந்த மிக்கோயனின் முயற்சியில் உருவாகி, பல பதிப்புகள் கண்டு, சோவியத் வீடுகள்தோறும் இடம்பிடித்த நூல். உக்ரேனிய போர்ஷ், ஜார்ஜிய கர்ச்சோ, உஸ்பெக் புலாவ் எல்லாம் ஒரே பொதுவுடைமை மேசையில் பரப்பப்பட்டன. அதன் செழிப்பான படங்களைப் பார்க்கும்போது எனக்கு வேறொரு ஆண்டும் நினைவுக்கு வருகிறது. அந்நூலுக்கு ஆறே ஆண்டுகள் முன்பு, 1932-33இல், தானியம் பறிமுதல் செய்யப்பட்ட உக்ரேனில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். கஸாக் மேய்ச்சல் நிலங்களிலும் அதே காலத்தில் அதே சாவு. சமையல் நூலில் அவர்கள் உணவுக்கு இடம் கிடைத்தது.

ருஷ்ய மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. ‘ரூஸ்கிய்’ என்றால் ருஷ்ய இனத்தையும் மொழியையும் சார்ந்தது. ‘ரசீய்ஸ்கிய்’ என்றால் ருஷ்ய நாட்டைச் சார்ந்தது. ஒரு தாத்தாரியர் இரண்டாவதாக இருக்கலாம், முதலாவது அல்ல. தமிழில் இரண்டுக்கும் ‘ருஷ்ய’ என்ற ஒரே சொல்தான். நம் குழப்பத்தில் பாதி இங்கே இருக்கிறது என்பேன்.

போர் தொடங்கிய பின் ருஷ்ய இலக்கியத்தையே ஒதுக்கவேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. எனக்கு அதில் உடன்பாடில்லை. தல்ஸ்தோயைத் தூக்கியெறிந்தால் எந்த உக்ரேனியக் குழந்தைக்கும் ரொட்டி கிடைத்துவிடாது. அதேசமயம், ‘இலக்கியத்துக்கு எல்லை ஏது’ என்று சொல்லி நகர்கிறவர்களோடும் நிற்க முடியவில்லை. எல்லையே இல்லை என்பது பெரும்பாலும் எல்லையைக் கடந்துவந்தவனுக்கு வசதியான வாதம்.

பயணம் போக வாய்ப்புள்ளவர்கள் மாஸ்கோவோடு திரும்பிவிட வேண்டாம். விளாதிவஸ்தோக்வரை 9,288 கிலோமீட்டர் ரயில்பாதை இருக்கிறது. பெட்டியின் கோடியில் வெந்நீர்க் கொதிகலன், கைப்பிடியுள்ள உலோகத் தாங்கியில் தேநீர்க் கண்ணாடிக் குவளை. பைகால் ஏரியைத் தாண்டினால் உலான்-உதே. புரியாத் மக்களின் தலைநகர், அருகே பௌத்த மடாலயம். அங்கே ஆவியில் வெந்த இறைச்சிக் கொழுக்கட்டை கிடைக்கும். புரியாத் மொழியில் அதன் பெயர் ‘பூஸ்’. ருஷ்ய நாவில் அது ‘போஸி’ ஆகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு ருஷ்யத்தில் ‘உடலின் நிலைகள்’ என்றும் பொருள். கடைப் பலகைகளிலும் ‘போஸ்னயா’ என்று எழுதியிருக்கும். உள்ளே போய் உட்கார்ந்ததும், பூஸ் என்று கேட்டுப் பாருங்கள்.