ஒரு கோட்டை, ஒரு யானை

கந்தர்வக்கோட்டையில் இருந்துகொண்டு எல்லைக் கோட்டைகளை ஆய்வு செய்கிறேன். தஞ்சைச் சீமையின் தென்கோடியில் இருந்த கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த ஊர்களையும், பாளையக்காரர்களை ஒடுக்க உதவியதற்காகக் கும்பினி 1803இல் புதுக்கோட்டைத் தொண்டைமானுக்குக் கொடுத்தது. 1806இல் லண்டன் ஒப்புதல் தந்தபோது கேட்ட கப்பம், ஆண்டுக்கு ஒரு யானை. அதையும் ஒருமுறைகூட வசூலிக்கவில்லை. 1836இல் தள்ளுபடியே செய்துவிட்டார்கள். விசுவாசத்துக்கு நல்ல விலைதான்!

யானைக் கணக்கு கெசட்டியரில் அச்சாகி நிற்கிறது. மதிலுக்கு மண் சுமந்தவர்கள் யார்? கைமாறிய ஊர்களின் சேரிகளில் யாரைக் கேட்டார்கள்? இதை எழுப்பினால், “கோட்டையைப் பேசுங்கள் தோழர், சாதி எதற்கு?” என்கிறார்கள் ஆய்வரங்குகளில். எங்கள் மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில். அதற்குப் பிறகும் இந்தக் கேள்வி!

நான் அடுத்துத் தேடப்போவது கீழாநிலையின் நிலப் பதிவேடுகளை. சேரியைச் சுற்றிய புன்செய் யார் பெயரில் ஏறியது?