கொடிவழி பேசும் பொய்யும் மறைக்கும் மெய்யும்

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. தென்னிந்தியப் பாளையக்காரர் ஒருவரின் வம்சாவளி மேற்கோளாக வரும்போது ‘செவிவழி மரபு’, ‘புனைவு கலந்தது’ என்ற எச்சரிக்கை தவறாமல் இணைக்கப்படுகிறது. அதே ஆய்வேட்டில் ஆங்கிலேய ஆளுநர் ஒருவரின் குடும்பப் பின்னணியைச் சொல்ல நேர்ந்தால், 1826 முதல் வெளிவரும் பர்க்கின் பிரபுக்கள் பட்டியல் எவ்வித எச்சரிக்கையுமின்றி அடிக்குறிப்பில் ஏறி அமர்கிறது. முன்னது ஐயத்துக்குரிய கதையாகவும் பின்னது ஐயமற்ற ஆவணமாகவும் நடத்தப்படுகின்றன. இந்தப் பாகுபாட்டுக்கு அறிவடிப்படை ஏதும் இல்லை. அச்சேறியது, ஆங்கிலத்தில் இருப்பது, கெட்டி அட்டை போட்டது என்னும் மூன்று தகுதிகளே அதற்கு ஆதாரம்.

பிரித்தானியப் பிரபுக்களின் கொடிவழிகள் எவ்வாறு உருவாயின என்பதை முதலில் நோக்க வேண்டும். குலச்சின்னங்களை ஒழுங்குபடுத்தும் ‘காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’ 1484-இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னரால் நிறுவப்பட்டது. அதன் அதிகாரிகள் 1530 முதல் 1688 வரை மாவட்டந்தோறும் சென்று, யார் குலச்சின்னம் சூடத் தகுந்தவர் என்று விசாரித்துப் பதிந்தனர். விசாரணைக்கு உட்பட்ட குடும்பமே தகவலைத் தந்தது. கட்டணத்தையும் அதுவே செலுத்தியது. மடங்களின் நிலங்கள் பறிக்கப்பட்டு விற்பனைக்கு வந்த காலம் அது. கம்பளி வணிகத்திலும் வழக்கறிஞர் தொழிலிலும் அரண்மனைப் பணியிலும் பொருள் சேர்த்தவர்கள் அந்நிலங்களை வாங்கினர். நிலம் கைக்கு வந்தபின் அதற்கேற்ற முன்னோரும் தேவைப்பட்டனர். தேவை இருந்த இடத்தில் வழங்கலும் இருந்தது.

ஆல்தார்ப் ஸ்பென்சர் குடும்பம் இதற்குத் தெளிவான சான்று. வாரிக்‌ஷயரில் ஆடு வளர்த்துப் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜான் ஸ்பென்சர் 1508-இல் ஆல்தார்ப் நிலத்தை வாங்கினார். அந்நூற்றாண்டின் இறுதியில், ரிச்சர்ட் லீ என்ற குலச்சின்ன அதிகாரியின் துணையோடு, இக்குடும்பம் இடைக்காலத்துப் புகழ்பெற்ற டெஸ்பென்சர் குலத்தின் கிளையாக அறிவிக்கப்பட்டது. அக்குலத்தின் சின்னத்தையே மூன்று சிப்பிகளைச் சேர்த்துத் தனதாக்கிக்கொண்டது. ஆடு மேய்த்த உழைப்பில் இழிவு ஏதுமில்லை. அவ்வுழைப்பை மறைக்கவே மூன்று நூற்றாண்டுத் தலைமுறைகள் இட்டுக்கட்டப்பட்டன என்பதுதான் கவனிக்கத்தக்கது.

ஃபீல்டிங் குடும்பம் இன்னும் துணிந்து சென்றது. 1622-இல் டென்பி பிரபுப் பட்டம் பெற்ற அக்குடும்பம், ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குலத்தின் வழிவந்ததாகப் பறைசாற்றியது. ரைன்ஃபெல்டன் என்ற ஊர்ப்பெயரே தேய்ந்து ஃபீல்டிங் ஆனதாம். பதினேழாம் நூற்றாண்டில் இதற்கென ஆவணங்களே புனையப்பட்டன. ரோமப் பேரரசின் வீழ்ச்சியை ஆராய்ந்த எட்வர்ட் கிப்பனே இக்கதையை நம்பித் தம் தன்வரலாற்றில் எழுதினார். அதை உடைத்தவர் ஜான் ஹொரேஸ் ரவுண்ட் (1854–1928). 1901-இல் வெளியான தம் நூலில் அவர் அந்த ஆவணங்களைப் போலி என நிறுவினார். அதற்கு முன்பே, 1877-இல், வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஃப்ரீமன், பர்க்கின் நூலில் மலிந்திருந்த கட்டுக்கதைகளைக் கடுமையாகச் சாடியிருந்தார். இத்தனைக்கும் அந்நூலின் அன்றைய பதிப்பாசிரியர் பெர்னார்ட் பர்க் அயர்லாந்தின் தலைமைக் குலச்சின்ன அதிகாரி. ஆங்கிலேய அறிஞர்களே ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஐயுற்ற ஒரு நூல்வகையை இன்றைய இந்திய ஆய்வாளர் ஐயுறாது ஏற்பதை அடக்கம் என்று சொல்ல இயலாது. அது வாசிப்பின் குறை.

ஸ்காட்லாந்தில் அரச குலமே புனைவின் மேல் அமர்ந்திருந்தது. ஸ்டூவர்ட் மன்னர்கள் லோகாபர் தலைவன் பாங்க்வோவின் வழியினர் என்று ஹெக்டர் போயிஸ் 1527-இல் வெளியிட்ட வரலாற்று நூல் கூறியது. அக்கதை ஹாலின்ஷெட் வழியாக ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்துக்குள் நுழைந்து, 1603-இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸுக்கு உகந்த பழம்பெருமை ஆயிற்று. பாங்க்வோ என்றொருவர் வாழ்ந்ததற்குச் சான்றே இல்லை. மெய்யான முன்னோர் பிரெஞ்சு நாட்டின் பிரித்தனிப் பகுதியில், டோல் நகரில், தலைமுறை தலைமுறையாக விருந்துமண்டப அலுவலர் பதவி வகித்தவர்கள். அவ்வழியில் வந்த வால்டர் ஃபிட்ஸ் ஆலன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிடிடம் பணியில் சேர்ந்து அரண்மனை மேலாளர் ஆனார். ‘ஸ்டூவர்ட்’ என்பதன் பொருளே மேலாளர் என்பதுதான். பதவிப்பெயர் குடும்பப்பெயராகி, 1371-இல் அரச குலத்தின் பெயராயிற்று. வேலைக்கு வந்த வெளியூர்க் குடும்பம் என்ற உண்மையைப் பெயரே உரக்கச் சொல்லிக்கொண்டிருக்க, மண்ணின் மைந்தர் என்ற கதையை நூல்கள் எழுதிக்கொண்டிருந்தன.

இங்கேதான் மொழியியலின் பங்கு தொடங்குகிறது. புனையப்பட்ட கொடிவழிகள் பலவும் போலிச் சொற்பிறப்பின் மேல் நிற்பவை. காம்ப்பெல் என்ற பெயர் கேலிக் மொழியில் ‘கோணல் வாய்’ எனப் பொருள்படும் பட்டப்பெயர். 1263-இல் ஆவணத்தில் தோன்றும் கில்லெஸ்பிக்கின் குலப்பெயரில் ‘பி’ என்ற எழுத்தே இல்லை. அவ்வெழுத்துப் பின்னர் நுழைந்தது. நுழைந்தபின், ‘அழகிய வயல்’ எனப் பொருள்தரும் லத்தீன் தொடரிலிருந்து பெயர் பிறந்ததென்றும் குடும்பம் நார்மானியர் வழியென்றும் விளக்கம் முளைத்தது. ஒற்றை எழுத்து ஒரு நாட்டையே மாற்றிக்கொடுத்தது. டக்ளஸ் என்பது ‘கருநீர் ஓடை’ எனப் பொருள்படும் ஊர்ப்பெயர். 1644-இல் வெளியான டக்ளஸ் குல வரலாறோ, எட்டாம் நூற்றாண்டுப் போர்க்களத்தில் மன்னர் வீரன் ஒருவனைச் சுட்டி ‘அந்தக் கரிய மனிதனைப் பார்’ என்று வியந்த சொற்களே குலப்பெயர் ஆயின என்று கதை கட்டியது. ஓடையிலிருந்து வந்த பெயரைப் போர்க்களத்துக்கு ஏற்றிவிட்டார்கள். ஒலிமாற்ற விதியும் பழம்பதிவுகளின் எழுத்துவடிவமும் அறிந்த எந்த முதுகலை மாணவரும் இவ்விரு கதைகளையும் ஒரு பிற்பகலில் உடைத்துவிட இயலும். ஆயினும் பிரபுக் குடும்பங்களின் பெயர்களை அந்தக் கண்ணோடு நோக்கும் பயிற்சி நம் வகுப்பறைகளில் அளிக்கப்படுவதில்லை.

மெக்கென்சி குலத்தின் கதை தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. பெயரின் பொருள் ‘கென்னத்தின் மகன்’. இடையிலுள்ள ‘இசட்’ எழுத்து, ‘யோக்’ என்ற பழைய எழுத்துக்கு அச்சு இல்லாத அச்சகங்கள் இட்ட மாற்று. பழைய உச்சரிப்பில் அவ்வொலியே கிடையாது. பெயர் முழுதும் கேலிக் மொழிக்குரியது. 1467-ஆம் ஆண்டுக் கையெழுத்துச் சுவடியொன்று அக்குலத்துக்குக் கேலிக் முன்னோரையே கூறுகிறது. எனினும் பதினேழாம் நூற்றாண்டில் குலத்தின் மேன்மக்கள், தம் மூதாதை அயர்லாந்தின் நார்மானியப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த காலின் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று உரிமை கொண்டாடினர். 1266-இல் மன்னர் அவருக்கு நிலம் வழங்கியதாக ஒரு பட்டயமும் காட்டப்பட்டது; அது போலி எனப் பின்வந்த ஆய்வாளர்கள் தள்ளினர். ‘மெக்’ என்றாலும் மகன், ‘ஃபிட்ஸ்’ என்றாலும் மகன். மலைநாட்டு மகனாக இருக்க நாணி நார்மானிய மகனாக மாற முயன்றதுதான் அக்கொடிவழியின் சாரம்.

அக்குலம் ஆண்ட லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே ஊரில் பிறந்தவர் காலின் மெக்கென்சி. 1783-இல் சென்னை வந்து, 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனவர். காவலி வேங்கட போரய்யா, லட்சுமய்யா சகோதரர்களின் உழைப்பால் அவர் திரட்டிய கைபீதுகளும் வம்சாவளிகளும் ஒரு பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. பாளையக்காரர்கள் தம் குலத்தைச் சூரியனோடும் சந்திரனோடும் இணைத்துக்கொண்டதைக் கண்டு பின்வந்த காலனிய அறிஞர்கள் நகைத்தனர். நகைத்தவர்களின் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க்கோடும் பாங்க்வோவோடும் இணைந்திருந்தனர். அதிகாரம் கைக்கு வந்தபின் முன்னோரைத் தேடுவது இரு நாட்டுக்கும் பொதுவான அரசியல். ஒன்று ஓலையிலும் மற்றொன்று தோல்கட்டு நூலிலும் இருந்ததைத் தவிர வேறுபாடு குறைவு.

கொடிவழி சேர்த்ததைவிட நீக்கியது பெரிது. பர்க்கின் பட்டியல்களில் மூத்த மகளாயினும் இளைய தம்பிக்குப் பின்னரே இடம் பெறுவார். ஆனால் பெருங்குலங்கள் பெண்களாலேயே பிழைத்தன. பெர்சி குலத்தின் ஆண்வழி பன்னிரண்டாம் நூற்றாண்டில் அற்றது. ஆக்னெஸ் என்ற மகளின் வழியில் பெயர் தொடர்ந்தது. 1670-இல் மீண்டும் அற்றது. இறுதியில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஹியூ ஸ்மித்சன், அக்குலப் பெண்ணின் பேர்த்தியை மணந்து, பெர்சி என்ற பெயரைச் சூடி, 1766-இல் நார்தம்பர்லாந்துக் கோமகன் ஆனார். தந்தைவழி ‘தூய குருதி’ என்ற பேச்சு இங்கே என்னாகிறது?

நீக்கத்தின் உச்சம் சூரத்தில் இருக்கிறது. அபர்தீன்‌ஷயரைச் சேர்ந்த தியோடர் ஃபோர்ப்ஸ் என்ற வணிகருக்கு அந்நகரில் வாழ்ந்த எலைசா கெவார்க் பிள்ளைகளைப் பெற்றார். மகள் கேதரின் சிறுவயதிலேயே ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டார். தாய் இந்தியாவிலேயே விடப்பட்டார். எலைசா ஆர்மீனியர் என்று மட்டுமே குடும்ப மரபு கூறிவந்தது. கேதரினின் பெண்வழியில் ஆறாவது தலைமுறையில் பிறந்தவர் டயானா ஸ்பென்சர். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குச் செல்லும் மரபணுக்கூறு, அவ்வழியினர் சிலரிடம் ஆராயப்பட்டுத் தெற்காசியாவுக்கே உரிய வகை என 2013-இல் அறிவிக்கப்பட்டது. ஆக, ஒரே பெண்ணின் கொடிவழியில் தந்தைப் பக்கம் இல்லாத டெஸ்பென்சர்கள் வரவேற்கப்பட்டனர். தாய்ப் பக்கம் இருந்த சூரத்துப் பெண்ணின் இந்திய வேர் மறைக்கப்பட்டது. பொய்யை ஏற்றவும் மெய்யை இறக்கவும் ஒரே கை வேலை செய்திருக்கிறது.

இவையெல்லாம் தீங்கற்ற தற்பெருமை என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் லூயிஸ் தீவைத் திரும்பிப் பார்க்கலாம். குலத்தைக் குறிக்கும் ‘கிளான்’ என்ற கேலிக் சொல்லுக்குப் ‘பிள்ளைகள்’ என்பது பொருள். தலைவன் தந்தை, குடிகள் பிள்ளைகள் என்பது அச்சொல்லின் வாக்குறுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதர்லாந்துக் கோமாட்டியின் நிலங்களில் அந்தப் பிள்ளைகள் ஆடுகளுக்கு இடம்விட்டு வெளியேற்றப்பட்டனர். மெக்கென்சி குலத் தலைவரான சீஃபோர்த் பிரபு 1801-இல் பார்படோஸ் தீவின் ஆளுநராகச் சென்றார்; அடிமைகள் உழைத்த தோட்டங்களுக்கும் உரிமையாளர் ஆனார். 1844-இல் லூயிஸ் தீவையே சீஃபோர்த் குடும்பம் விற்றது. வாங்கிய ஜேம்ஸ் மாத்தசனின் செல்வம் இந்திய அபினைச் சீனத்தில் விற்று வந்தது. 1851-இல் அவருக்குப் பேரோனெட் பட்டமும் கிடைத்தது. பட்டியல் நூல்களில் இவை ‘நிலம் பெற்றார்’, ‘பட்டம் பெற்றார்’ என்ற இரு சொற்களாகச் சுருங்கும். எவருடைய உழைப்பால், எவருடைய வெளியேற்றத்தால் என்பதற்கு அந்நூல்களில் பத்தியே கிடையாது.

மறுப்பு ஒன்று எழக்கூடும். ஜி. ஈ. கோகெயின் 1887-இல் தொடங்கிய முழுமைப் பிரபுக்கள் வரலாறும், பால்ஃபர் பால் 1904 முதல் 1914 வரை ஒன்பது தொகுதிகளாகப் பதிப்பித்த ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் நூலும் ஆவணச் சான்றோடு எழுதப்பட்டவை அல்லவா? ஆம். இக்கட்டுரையின் வாதத்துக்கு அவையே துணை. அவை நம்பகமானவையாக ஆனது, குடும்பங்கள் சொன்னதை நம்ப மறுத்ததால். நிலப்பத்திரம், உயில், நீதிமன்றப் பதிவு, தேவாலயப் பதிவேடு ஆகியவற்றோடு ஒவ்வொரு தலைமுறையையும் ஒப்பிட்டதால். அந்த முறையைக் கைக்கொள்ளாமல் அந்நூல்களின் பெயரை மட்டும் அடிக்குறிப்பில் இடுவது பயனற்றது. மரபணுச் சோதனை அனைத்தையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையும் அவ்வாறே. அது ஓர் இழையை மட்டும் காட்டும். எலைசாவின் வாழ்வை ஆவணங்களே சொல்ல வேண்டும்.

மேலும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒருவருக்கு இருபது தலைமுறைக்கு முன் 10,48,576 முன்னோர் இடங்கள். முப்பதாவது தலைமுறையில் 107 கோடிக்கு மேல். அத்தனை மக்கள் அன்றைய இங்கிலாந்தில் இல்லை. ஆகவே ஒரே மனிதர்கள் பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்தே தீர வேண்டும். கிழக்கு லண்டனின் எளிய குடும்பத்தில் பிறந்த நடிகர் டேனி டையர் மூன்றாம் எட்வர்ட் மன்னரின் வழியினர் என 2016-இல் தொலைக்காட்சியில் காட்டப்பட்டபோது பலர் வியந்தனர். வியக்க ஏதுமில்லை. அரச வழியினர் எண்ணற்றோர்; எழுதிவைக்க ஆள் அமர்த்த முடிந்தவர் சிலர். பிரபுத்துவம் என்பது பெரிதும் அந்தச் சிலரின் பதிவேடு.

ஆகவே ஆய்வேடுகளுக்கு ஒரே அளவுகோல் வேண்டும். பாளையக்காரர் வம்சாவளிக்கு இடப்படும் எச்சரிக்கை பர்க்கின் பட்டியலுக்கும் இடப்பட வேண்டும். அல்லது இரண்டுக்கும் நீக்கப்பட வேண்டும். எந்தக் கொடிவழியை எடுத்தாலும் அது யாரால், எந்த ஆண்டில், எவர் செலவில் தொகுக்கப்பட்டது என்பதை முதல் அடிக்குறிப்பு கூற வேண்டும். பெயர்களின் பழைய எழுத்துவடிவங்கள் தேடப்பட வேண்டும். பெண்களும் பணியாளர்களும் எந்த வரியில் காணாமற்போகின்றனர் என்று கேட்கப்பட வேண்டும். 1266-ஆம் ஆண்டுப் பட்டயத்தைக் காட்டும் பதினேழாம் நூற்றாண்டு நூல் பதின்மூன்றாம் நூற்றாண்டைப் பற்றி எதையும் நிறுவுவதில்லை; பதினேழாம் நூற்றாண்டின் அச்சங்களையும் ஆசைகளையும் பற்றி ஏராளமாகச் சொல்கிறது. அந்தச் சான்றைப் படிக்கக் கற்றுக்கொடுக்காத துறை, வரலாற்றின் பெயரால் பிரபுக்களின் விளம்பரத்தைத்தான் பாதுகாத்துவருகிறது.