எந்த ரேட்?



கையால் பேரேடு எழுதிய காலத்தில், முருகன் ஸ்டோர் என்ற பெயரில் நாலு வாடிக்கையாளர் இருந்தால் கணக்குப்பிள்ளை ஊரையும் சேர்த்தே எழுதுவார். தேவகோட்டை முருகன் ஸ்டோர், சிவகங்கை முருகன் ஸ்டோர் என்று. வெறும் முருகன் ஸ்டோர் என்று பற்று எழுதி வைத்தால் வசூலுக்குப் போகிற பையன் யார் கடையில் போய் நிற்பான்? கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்தச் சின்ன ஒழுங்கை நாம் கைவிட்டுவிட்டோம். அதனால் எங்களுக்கு வந்த நஷ்டத்தை மற்ற வியாபாரிகளும் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது கடைகளில் இருந்த பரபரப்பு எல்லோருக்கும் நினைவிருக்கும். நெய் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தது. பிஸ்கட்டும் குளியல் சோப்பும் 18-லிருந்து 5-க்கு வந்தன. சில்லறைக் கடைக்காரர்கள் புது விலை கேட்டு விடியற்காலையிலேயே போன் செய்தார்கள். நாங்களும் அவசரமாக ஒரு விலைப்பட்டியல் போடச் சொன்னோம்.

எங்கள் கம்ப்யூட்டரில் பொருள்களுக்கு ஒரு டேபிள், கடைசிக் கொள்முதலுக்கு ஒரு டேபிள், வரிக்கு ஒரு டேபிள் இருக்கின்றன. மூன்றிலும் 'ரேட்' என்று ஒரு பத்தி உண்டு. பொருள் டேபிளில் ரேட் என்றால் நாங்கள் விற்கும் விலை. கொள்முதலில் ரேட் என்றால் நாங்கள் வாங்கிய விலை. வரி டேபிளில் அது சதவீதம். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு குழப்பமும் இல்லை. புரோகிராம் எழுதும் தம்பி பொருள் டேபிளையும் கொள்முதல் டேபிளையும் பொருள் எண்ணை வைத்து இணைத்து, 'ரேட்' பத்தியை அச்சுக்கு அனுப்பினார். பட்டியல் வாட்ஸ்அப்பில் போய்விட்டது.

மறுநாள் காலை பழைய வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, என்ன இது, வரி இறங்கினதுக்கு மேலேயே விலை இறங்கியிருக்கே?" என்றார். எடுத்துப் பார்த்தால், பட்டியலில் இருந்தது முழுக்க எங்கள் கொள்முதல் விலை! சொன்ன விலைக்கு மறுவிலை சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. அதற்குள் வந்திருந்த ஆர்டர்களை அந்த விலைக்கே போட்டுக் கொடுத்தோம். பணம் போனதுகூடப் பெரிதில்லை. மொத்த வியாபாரி என்ன விலைக்கு வாங்குகிறான் என்பது ஒரே இரவில் ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. அதை எப்படித் திரும்பப் பெறுவது?

இது எப்படி நடந்தது என்று விசாரித்தோம். இரண்டு டேபிள்களை இணைத்து எல்லாப் பத்திகளையும் கொடு என்று கேட்டால், கம்ப்யூட்டர் இரண்டு ரேட்டையும் கொடுத்துவிடுகிறதாம். ஒன்றை மட்டும் பெயர் சொல்லிக் கேட்டால், எந்த டேபிளின் ரேட் என்று தெரியவில்லை என மறுத்து நிற்கும். அப்படி மறுத்தால் நல்லது. ஆனால் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பெயர் வாரியாக அடுக்கும் புரோகிராம்கள் சிலவற்றில், பின்னால் வந்த ரேட் முன்னால் வந்த ரேட்டின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது. எங்களுக்கு நடந்தது அதுதான்.

தம்பி இதைத் திருத்துகிறேன் என்று வேறொரு முறையில் இணைத்தார். ஒரே பெயருள்ள பத்திகளைக் கம்ப்யூட்டரே பொருத்தி ஒன்றாக்கிவிடும் முறை அது. நேச்சுரல் ஜாயின் என்கிறார்கள். இந்த முறை பட்டியலில் சரக்குகளே காணோம்! சர்க்கரையும் இன்னும் இரண்டு அயிட்டமும் மட்டும் நின்றன. பொருள் எண்ணோடு ரேட்டும் இரண்டு டேபிளிலும் ஒன்றாக இருந்தால்தான் அந்த வரியை அது எடுக்கும். வாங்கிய விலைக்கே விற்கிற சரக்கு நம் கடையில் எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது புதிதாக வந்த தொல்லை அல்ல. இந்த டேபிள் முறைக்கு அடிப்படையிட்ட ஐ.பி.எம். கம்பெனியின் காட் என்பவர் 1970-ல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதைக் காட்டியிருக்கிறார். ஒரு பாகம் எந்தப் பாகத்தில் சேர்கிறது என்று எழுதும் டேபிளில் 'பாகம்' என்ற தலைப்பே இரண்டு பத்திகளுக்கு வருகிறது. எது உட்பாகம், எது மேற்பாகம் என்று அதனதன் பங்கைச் சொல்லும் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றார். நமது கணக்குப்பிள்ளை ஊரைச் சேர்த்து எழுதியதும் இதே வேலைதான்.

சாப்ட்வேர் விற்பவர்களைக் கேட்டால், பத்தியின் பெயரை மாற்றினால் பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் நின்றுபோகும் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் டேபிளில் இருக்கும் பெயரை மாற்றச் சொல்லி யார் கேட்டார்கள்? இணைத்து எடுக்கும்போது ஒவ்வொரு ரேட்டுக்கும் முன்னால் டேபிளின் பெயரைச் சொல்லி, விற்பனை விலை, கொள்முதல் விலை, வரி சதவீதம் என்று வேறு பெயர் சூட்டி வெளியே கொண்டுவரலாம். ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும், அவ்வளவுதான். எல்லாப் பத்தியையும் கொடு என்று மொத்தமாகக் கேட்கும் சோம்பேறித்தனத்தை விட வேண்டும்.

இரண்டு பத்திகளும் ஒரே செய்தியைச் சொன்னால் ஏதாவது ஒன்று போதுமே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மாதாமாதம் கொள்முதல் பதிவேட்டை ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யோடு ஒப்பிடுகிறோம் அல்லவா? பில் நம்பர் இரண்டிலும் உண்டு. நம் பதிவேட்டை முழுக்க வைத்துக்கொண்டு 2பி-யை அதனோடு இணைத்தால், சப்ளையர் ஏற்றாத பில்லுக்கு 2பி பக்கத்துப் பில் நம்பர் வெறுமையாக வரும். இரண்டும் ஒன்றுதானே என்று அந்தப் பத்தியை வைத்துக்கொண்டு நம் பத்தியை நீக்கினால், எந்தப் பில்லுக்கு ஆள் அனுப்பிக் கேட்க வேண்டுமோ அந்தப் பில்லின் நம்பரே பட்டியலில் இருக்காது. 2022 ஜனவரி 1 முதல் 2பி-யில் வராத பில்லுக்கு வரி வரவு எடுக்க முடியாது என்பதால் இது நேராக நம் கைப்பணம். பில் தேதியும் தொகையும் இப்படித்தான். நம்முடையது ஒன்று, அவர்களுடையது ஒன்று என இரண்டையும் பெயர் பிரித்து வைத்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும்.

இந்தப் பெயர்களைச் சூட்ட வேண்டியது புரோகிராம் எழுதுபவர் அல்ல, நாமே என்பது எங்கள் கருத்து. அவருக்கு ரேட் என்பது ஒரு எண். அது யாருடைய விலை என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். எங்கள் கடையில் ரேட், தேதி, பெயர், தொகை ஆகிய நாலு சொற்களையும் தனியாக எந்த ரிப்போர்ட்டின் தலைப்பிலும் போடக் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டோம். சங்கமும் இப்படி ஒரு பெயர்ப்பட்டியல் தயாரித்து, சாப்ட்வேர் வாங்கும் உறுப்பினர்கள் அதைக் காட்டிக் கேட்கும்படி செய்யலாம். அடுத்த செயற்குழுவில் எங்கள் பட்டியலை வைக்கிறோம். மளிகை அல்லாத வேறு சரக்கு வியாபாரிகள் தங்கள் டேபிள்களில் இரட்டையாக வரும் பெயர்களை எழுதி அனுப்பினால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.